தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

அறைக் கதவை வெளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றாள் சூசையம்மாள். உள்ளேயிருந்து மகள் ஷெரில் தட்டின தட்டில், செம்பனைக் குலை மேலே விழுந்த மாதிரி கதவு அதிர்ந்தது.

"மா, தொறமா. உக்காந்து பேசலாம்."

"பேசின வரைக்கும் போதும். பேசிப் பேசி என் வாய்தான் வறண்டு போச்சு."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ராக்கம்மா ஓடி வந்தாள். கோலாலம்பூர் நடனக் குழுவின் வேன் தோட்டத்து முச்சந்தியில் நிற்பதை வரும்போதே பார்த்திருந்தாள். ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று ஊர் ஊராக ஆடப் போகிற வேன். அவளுக்கு விஷயம் பிடிபட்டுப் போனது.

போன மாசம் பூராவும் அந்தக் குழு தோட்டத்து மண்டபத்தில்தான் பழகியது. ரப்பர் பால்மரம் வெட்டின ஜனங்கள் பட்ட பாட்டை ஆட்டமாகக் கட்டுகிறார்களாம். இங்கிருந்தும் ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பேச்சு. பொழுது சாய்ந்தால் ஷெரில் மோட்டாரை எடுப்பாள், பின்னால் சூசையம்மாள் ஏறிக்கொள்வாள். மகளுக்குக் காவல் போகிறாள் என்றுதான் லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னார்கள்.

"ஏன்டி சூச, நீலாய்ல ஆபீஸ் வேலை பாக்குற பொண்ண இப்படியா அடைச்சு வப்ப? வேலை வாங்குற மண்டோர்கூட நம்மள இந்தப் பாடு படுத்தினதில்லையே."

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா."

உள்ளே குரல் உடைந்தது. "மா, அடுத்த வாரம் நிஷாந்தன் வீட்டுல வராங்க. அவங்கம்மா கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

ராக்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சிரம்பானில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஆட்கள், மூன்று தலைமுறையாக மேசை உத்தியோகம். தேடிவந்து பெண் கேட்கிறார்கள். இந்த நேரத்தில் பெற்றவளே வீட்டில் ரகளை பண்ணினால் பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்?

"மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்துக்கிட்டா சூச இந்தக் கூத்து?"

"நானா பயப்படுறேன்? அந்த மனுசன் போனப்புறம் ஒத்தையா இந்தக் காட்டுல நின்னவ. பாம்புக்குப் பயப்படல, தோட்டத்து ஆபீஸ் கிராணிக்குப் பயப்படல. சிரம்பான்காரங்களுக்கா பயப்படப் போறேன்?"

சொல்லிவிட்டுக் கால் மாற்றி நின்றாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. காட்டில் முள் ஏறியிருக்கும் என்று ராக்கம்மா நினைத்துக்கொண்டாள். சண்டைக்கு நடுவில் அதையா விசாரிப்பது?

"ஆட்டம்னா உனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா? ஒருநா மத்தியானம் மண்டபத்துல எட்டிப் பாத்தேன். முட்டி தேஞ்சு ரத்தம் வருது அந்தப் புள்ளைங்களுக்கு. தொடச்சிட்டு மறுபடியும் எந்திரிக்குதுங்க. பால் வாளியத் தூக்கிட்டு நாலடி நடக்கணும், அதுக்கு நாளெல்லாம் செத்துச் செத்துப் பழகுதுங்க. நாம கூலிக்குச் செத்தோம். நாம செத்தத ஊரு பாக்கணும்னு அதுங்க சாவுதுங்க. இதுல என்னடி மானக்கேடு?"

சூசையம்மாளின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கக்கா. உள்ள நல்லா விழட்டும்."

"குத்தலா?" ராக்கம்மாவுக்குக் கோபம் ஏறியது, கூடவே குரலும் ஏறியது. "சொல்லுவேன்டி. எனக்கென்ன பயம்? ஆடணும்னு ஒரு மனசு எந்திரிச்சிருச்சுன்னா வழிய விடணும். ஊரு தடுத்தாலும் தப்பு, சாமியாரு தடுத்தாலும் தப்பு. ஒரே வீட்டுல சோறு திங்கிறவங்க தடுத்தா அது ரொம்பத் தப்பு."

கதவைத் தட்டுகிற சத்தம் நின்றுபோனது.

வாசலில் காலில் அப்பின சேற்றைத் தேய்த்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். "நான் பேட்ரிக், வேன் டிரைவர். இந்த வீட்டுல டான்சர் ஒருத்தர ஏத்தணும்னு சொன்னாங்க. உள்ள வர்ற ஜாலான் பூரா சேறு ஆன்ட்டி, வேன் வர முடியலலா. எல்லாரும் வேன்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

"உள்ள போட்டு அடைச்சு வச்சிருக்கா தம்பி. நீயாவது சொல்லு."

பேட்ரிக் தாழ்ப்பாளைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நான் வண்டி ஓட்ட வந்தவன்லா ஆன்ட்டி. குடும்ப விஷயத்துல நான் என்ன சொல்றது?"

சூசையம்மாள் கதவை விட்டு நகர்ந்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப் பையை இழுத்தாள். கொடியில் கிடந்த குழுவின் கறுப்புச் சட்டையை மடித்து அதற்குள் திணித்து, பையை பேட்ரிக் கையில் கொடுத்தாள். மாதா படத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ராக்கம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. கத்தினது வீண்போகவில்லை, கல்லு கரைந்துவிட்டது. பிள்ளை இனி ஒரு நிமிஷம்கூட உள்ளே கிடக்க வேண்டாம் என்று தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அந்தக் கையைச் சூசையம்மாள் இறுக்கிப் பிடித்தாள்.

"இப்பத் தொறந்துடாதீங்கக்கா. வேன் ரந்தாவ் டவுனத் தாண்டட்டும், அப்புறம் தொறந்து அவளுக்குச் சோறு போடுங்க. நான் ஆடிட்டு வந்துடறேன்."