பழைய வாடிக்கை

வறுகடலை விற்க இணையதளம் தொடங்க நினைத்த அணில், அதற்கு நல்ல பெயர் கேட்டு, தளப் பெயர்கள் விற்கும் தரகர் காக்கையிடம் போனது.

"'மொறுமொறு'ன்னு ஒண்ணு சும்மா கிடக்கு. ஒரு தடவை கேட்டா மறக்காது. முன்னாடி வெச்சிருந்தவர் பணம் கட்டிப் புதுப்பிக்காம விட்டுட்டார்."

"அவர் என்னண்ணே வித்தார்?"

"அது எதுக்கு உனக்கு? பழைய வாடிக்கை தானா வரும்."

அணிலுக்கு வாயெல்லாம் பல். அன்றே பெயரை வாங்கி, கடலைப் படத்தோடு தன் மரப்பொந்தின் விலாசத்தையும் தளத்தில் போட்டது.

மத்தியானத்துக்குள் முதல் ஆர்டர் வந்துவிட்டது.

"மறுபடி கடை திறந்ததுல ரொம்ப சந்தோஷம். போன தடவை மாதிரியே இளசா ரெண்டு வேணும். வாலை மட்டும் நறுக்கிடுங்க, தொண்டையில முடி சிக்குது. அனுப்ப வேண்டாம், விலாசம் பார்த்துட்டோம்."

அணில் மெல்ல எட்டிப் பார்த்தது. மரத்தடியில் பூனைகள் ஆளுக்கொரு பையோடு வரிசையில் நின்றிருந்தன.