கடைசி வரிசைக்கு அடிதடி

"அம்மா, இன்னிக்கு டாக்டர்கிட்ட நீ கேக்குறியா, நான் கேக்கட்டுமா?"

"தலையை வாரச் சொன்னா வாரு. தகராறுக்கு ரிகர்சல் பாக்காதே."

மகள் சீப்பும் கையுமாக நின்றாள். அம்மா பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவள். ஊர்ப்பட்ட பேருக்குக் கொண்டை போட்ட கை, இப்போது தன் உச்சந்தலைக்கே எட்டுவதில்லை. கழுத்தில் புற்றுநோய்க் கட்டியை எடுத்த நாளிலிருந்து வலது கை தோள் உயரம்வரை வரும். அதற்கு மேல் 'வர மாட்டேன் போ' என்று நின்றுவிடும். வலி வேறு, வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி தோளிலேயே குடியிருந்தது.

பார்லர் முதலாளியம்மா தங்கமானவர். "கை சரியாகுற வரைக்கும் போன் எடுத்துப் பேசிட்டு இரு" என்றார். அம்மா நின்று வேலை பார்த்த நாற்காலிக்குப் பின்னால் புதுப் பெண் வந்தாயிற்று. கை சீக்கிரம் சரியாகாவிட்டால் போனுக்கும் ஒரு புதுப் பெண் வருவாள்.

"கழுத்துல கத்தி வைக்கும்போது தோளுக்குப் போற நரம்பு அடிபடலாமாம். சீக்கிரம் பயிற்சி ஆரம்பிச்சா நிறைய பேருக்குத் தேறுதாம். பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கன்னு நீயும் கெஞ்சிப் பாத்தே. என்ன சொன்னார்?"

"விடுடி."

"'என்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்ட யாருக்கும் இப்படி இல்லம்மா. உங்க ஒருத்தருக்குத்தான். எல்லாம் மனசு.' சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். மத்தவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க? என் உடம்பு வாகு அப்படி. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்? உயிரைக் காப்பாத்தின மனுஷன்."

"உயிரைக் காப்பாத்தினா கேள்வி கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

மகள் படிப்பது பல்கலைக்கழகத்தில். வழக்காடுவது வீட்டில்.

"அங்க வந்து நீ வாயைத் திறந்தே, அப்புறம் நான் உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அம்மா கிளம்பினாள்.

மருத்துவமனை அரங்கில், அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டருக்குப் பாராட்டு விழா. பேனரில் டாக்டர் சிரித்தார். பேனருக்குக் கீழேயும் சிரித்தார். எது அச்சடித்த சிரிப்பு என்று கண்டுபிடிப்பது சிரமம். முதலில் பேசியவர் டாக்டரைத் தெய்வம் என்றார். அடுத்தவர் தெய்வத்துக்கும் மேல் என்றார். மூன்றாமவருக்கு உயர்த்த இடம் மிச்சமில்லாததால் தன்னைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "டாக்டர்கிட்ட கழுத்து ஆபரேஷன் பண்ணிக் குணமானவங்க எல்லாரும் மேடைக்கு வாங்க! டாக்டரோட ஒரு குரூப் போட்டோ!"

எல்லோரும் ஏறினார்கள். முதல் வரிசைக்குத்தான் ஆள் இல்லை.

"நான் உயரம், பின்னால நிக்கிறேன்," என்றார் டாக்டரின் காதுக்குக்கூட எட்டாத ஒரு பேங்க் கேஷியர்.

"எனக்கு கேமரான்னா கூச்சம்," என்று ஒரு லாரி டிரைவர் அவருக்கும் பின்னால் பதுங்கினார். பீப்பாயைக் குண்டூசி மறைக்கிற கதைதான்.

அம்மா டிரைவருக்கும் பின்னால் போனாள். தன் ஒருத்தியின் கோணல் தோளால் படம் கெட்டுப்போகக் கூடாதே!

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" மேனேஜர் உருகினார். உருகியபடியே பிடித்துத் தள்ளி மூன்று வரிசை ஆக்கினார். "இப்ப எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, 'நன்றி டாக்டர்'னு சத்தமா சொல்லணும். ஒன், டூ, த்ரீ!"

நன்றி கணீரென்று வந்தது. போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

"சார், கை வரல."

"என்னது?"

"ஆளுக்கு ஒரு கைதான் சார் மேல போகுது. இன்னொண்ணு பாதியிலயே நிக்குது. டிராபிக் போலீஸ் மாநாடு மாதிரி இருக்கு."

முன்னால் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்தார். "உயிரைக் காப்பாத்தினவருக்காகக் கையைத் தூக்கக்கூட சோம்பல். நன்றி கெட்ட ஜனங்க."

அம்மாவுக்கு மானம் போயிற்று. எல்லாம் தன்னால்தான். தலையைக் குனிந்தவள், மெல்லப் பக்கவாட்டில் பார்த்தாள்.

கேஷியரின் இடது கை வானத்தைப் பார்த்தது. வலது கை தோளோடு நின்றது. டிரைவருக்கு அதுவே மாறி. ஒன்றிரண்டு பேர் தவிர முன் வரிசையிலும் அதே கதை. பரீட்சையில் பார்த்து எழுதுகிறவர்கள் மாதிரி எல்லோரும் ஓரக்கண்ணால் அடுத்தவர் கையை அளந்துகொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குமா?" என்றாள் அம்மா.

"எனக்கு மட்டும்தான்னு சொன்னாரேம்மா," என்றார் கேஷியர்.

"அட, என்கிட்டயும் அதைத்தான் சொன்னார்," என்றார் டிரைவர். "மனசுதான் காரணம்னார். நானும் மனசை இழுத்துப் பிடிச்சுப் பாத்துட்டேன். ஸ்டீயரிங்கைத்தான் பிடிக்க முடியல."

"அங்க என்னம்மா ரகசியம்? டாக்டரைப் பத்தின்னா மைக்லயே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்!" மேனேஜர் மைக்கை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கீழே மகள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தியம் சத்தியம்தான்.

அம்மா இடது கையால் மைக்கை வாங்கினாள். டாக்டரைப் பார்த்துப் பணிவாகத் தலை தாழ்த்தினாள்.

"இன்னிக்கு நான் உயிரோட நிக்கிறது உங்களாலதான், டாக்டர். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம். 'உங்க ஒருத்தருக்குத்தான் இப்படி'ன்னு சொன்னீங்களே... இத்தனை பேர்ல அந்த ஒருத்தர் யாருங்க?"