ஸ்கோர் போர்டில் விழுந்த துண்டு

காரைவிட்டு இறங்கும்போதே குழந்தைவேல் பார்த்துவிட்டார். ஸ்கோர் போர்டின் மேல் ஒரு ஈரிழைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“விழுந்துருச்சா துண்டு! நான் காலையிலயே சொன்னேன்ல?” என்று டிரைவரிடம் சிரித்தார். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதில் முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது. அதற்குள் காரியமே முடிந்துவிட்டது போலிருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டப் பிள்ளைகளும் ஆடும் இந்தக் கூடைப்பந்து லீக்கில் அது ஒரு வழக்கம். ஒரு அணி இருபது புள்ளி பின்தங்கிவிட்டால், போர்டைத் துண்டு போட்டு மூடிவிடுவார்கள். அதன்பிறகு மேசையில் இருப்பவர் மட்டும் கணக்கைத் தனியாகக் குறித்துக்கொள்வார். ஆட்டம் முடியும்வரை யாரும் ஸ்கோரைக் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. கைதட்டலாம்; கேலி செய்யக் கூடாது. தோற்கிற பிள்ளை நிமிரும்போதெல்லாம் அந்த எண் முகத்தில் அறையக் கூடாது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

குழந்தைவேல் லீக்கின் செயலாளர். பெரம்பலூர் அணியின் கேப்டன் கவியா அவருடைய மகள். எதிர்த்து ஆடுவது முந்திரிக்காட்டு ஊரான ஆண்டிமடம். இந்த வருடம்தான் சேர்ந்த அணி. பனியன் ஆளுக்கொரு நிறம், முதுகில் பெயிண்டால் எழுதிய எண்.

“முந்திரி பொறுக்குறதுங்களைப் பந்தாடக் கூட்டியாந்தா இப்படித்தான் ஆவும்,” என்றபடி தலைவர் வெள்ளைச்சாமியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மெதுவாப் பேசுங்க செயலாளரே. பிள்ளைங்க காதுல விழும்.”

“விழட்டுமே. அதுங்க லட்சணத்தைப் பாருங்க மொதல்ல.”

கவியா பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறினாள். நடுக்கோட்டைத் தாண்டி வந்து அவளை மறிக்க ஒருத்தியும் இல்லை. ஆண்டிமடத்துப் பெண்கள் தங்கள் கூடைக்கு அடியிலேயே ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் நெட்டையான பெண், ஓரத்து பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கவியா எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. குழந்தைவேல் எழுந்து நின்று கைதட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாத்தீங்களா? பெத்த அப்பன் தட்டுனாக்கூடத் திரும்பல. கவனம்னா அது! அதுங்களும் இருக்குதுங்களே, கிட்ட வரவே கை கால் உதறுது. அந்த ஒட்டடைக்குச்சி மூச்சு வாங்கிப்போயி பெஞ்சுல குந்திருச்சு.”

வெள்ளைச்சாமி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“தலைவரே, ஒரு புது விதி போடுறோம். துண்டு விழுந்த டீமுக்கு அடுத்த வருஷம் லீக்ல இடம் கிடையாது.”

வெள்ளைச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா இதைச் சொல்றீங்க?”

“நான்தானே செயலாளர்? வேற யாரு சொல்லுவா?”

“துண்டு போடுறதே பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னுதான். அதையே காரணமா வச்சு வெளியில தள்ளுறது நல்லாவா இருக்கு?”

“மனசு! இது என்ன பஜனை மடமா? ஆடத் தெரிஞ்சவ ஆடட்டும். தெரியாதவ வூட்டுல குந்தட்டும்.”

“சரி, அடுத்த வருஷத்துலேருந்து வச்சுக்கலாம். இன்னிக்கு வேணாமே.”

“இன்னிக்கு ஆட்டத்துலேருந்தே! கமிட்டியில நான் கை தூக்குனா மத்தவங்களும் தூக்குவாங்க, தெரியும்ல?”

தெரியும். வெள்ளைச்சாமி பெருமூச்சு விட்டு, மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

குழந்தைவேல் எழுந்து அறிவித்தார். அறிவித்துவிட்டு மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பெரம்பலூர்ப் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு சத்தமும் இல்லை. துண்டு விழுந்தபின் கேலி செய்யக் கூடாது என்ற விதியை மதிக்கத் தெரிந்தவர்கள். நல்ல குடும்பத்து ஜனங்கள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஆண்டிமடத்துப் பயிற்சியாளர் வேணி ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“சார், வேணாங்க சார். பிள்ளைங்க பாவம். அதுங்களும் விடிகாலையில எந்திரிச்சு ஓடித்தானே பழகுதுங்க? ஒரு நாள் சரியா ஆடலங்கிறதுக்காக வெளியில தள்ளுனா, அப்புறம் பந்தையே தொடாதுங்க சார்.”

“தொட வேணாம். தொடச் சொல்லி யாரு அழுதா?”

“ஆடி ஆடித்தானே சார் கத்துக்கணும்?”

“இங்க பாரும்மா. தோக்குறதுக்குன்னே வர்ற கூட்டத்துக்குச் சோறு போட்டுப் பாய் விரிக்க இது சத்திரம் இல்ல. இதுங்களை எல்லாம் சேத்தா லீக்குக்கே அசிங்கம். நான் மைக்குல சொன்னது சொன்னதுதான். எவ வந்து கெஞ்சுனாலும் மாத்துறதா இல்ல.”

சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தார்.

வேணி கொஞ்சம் தயங்கினார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நான் உங்க பெரம்பலூர்ப் பிள்ளைங்களுக்காகத்தான் சார் கேக்குறேன்.”