கையை மூடு

இலோயிலோ நகர மருத்துவமனையில், டெங்கு வார்டில் இரத்தம் எடுப்பது என் வேலை. முதலில் நோயாளி தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். பிறகு முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, கையை மூடச் சொல்லி, நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை இறக்குவேன்; குழாய் நிறைந்ததும் கையைத் திறக்கச் சொல்வேன். ஏழு வயது லிகாயாவுக்கு ஆறு நாட்களாக, நாளுக்கு இரண்டு முறை எடுத்தேன்.

"கொசுவாவது கேக்காம குடிக்கும். நீங்க பேரெல்லாம் விசாரிச்சுட்டுல்ல குடிக்கிறீங்க, அக்கா" என்பாள். அவள் அம்மா நெனித்தா சிரித்துக்கொண்டே மகளின் வாயைப் பொத்துவாள்.

ஏழாம் நாள் காலை லிகாயா இறந்துபோனாள். சுகாதார அலுவலகத்துக்கு அனுப்ப இன்னொரு குழாய் இரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். நான் போனபோது நெனித்தா, மகளின் உள்ளங்கையில் தன் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பெயரைக் கேட்கவில்லை. பட்டையைக் கட்டினேன். பழக்கத்தில், "கையை மூடும்மா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதும் கூசிப்போனேன். அப்போது லிகாயாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அம்மாவின் விரலைச் சுற்றி இறுகின. கழுத்தில் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு இல்லை.

ஊசியை இறக்கினேன்; குழாய் நிறைந்தது. அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அக்கா, கையத் திறன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் நெனித்தா. "நீங்க சொன்னா அவ கேட்டுடுவா."

நான் அதைச் சொல்லாமலே பட்டையை அவிழ்த்தேன். அது இரக்கமா, கோழைத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் சவப்பெட்டியோடு வந்தவர்கள், மூன்று பேராக முயன்றும் அந்த விரல்களைப் பிரிக்க முடியாமல், என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள்.