பிறந்த வீட்டு ஃபேன்

தையல்கடை அக்காவின் டேபிள் ஃபேன் மறுபடியும் வந்துவிட்டது.

"காலையிலேர்ந்து சுத்தவே இல்லை தம்பி, என்னன்னு பாரு" என்று மேஜைமேல் வைத்துவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த தன் கடைக்குப் போய்விட்டாள்.

ரிப்பேர்க் கடைக்காரர் எந்தச் சலனமும் இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பழைய சுவிட்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

தெருமுனையில் அந்தப் பெரிய கடை வந்ததிலிருந்து இந்தத் தெருவுக்குப் போதாத காலம். ஆணியிலிருந்து ரெடிமேட் துணி வரை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எது கெட்டாலும் தூக்கிப் போடு, புதுசு வாங்கு என்று விளம்பரம். வாட்ச் ரிப்பேர் செய்தவர் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். குடை ரிப்பேர்க்காரர் அந்தக் கடை வாசலிலேயே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கதவு திறந்துவிடுகிறார். மழை நாளில் அவர் கையில் கடைப் பேர் போட்ட புதுக் குடை.

ஆனால் இவர் கடையில் மட்டும் வேலை குறையவில்லை. சரிசெய்து அனுப்பிய சாமான்களே திரும்பத் திரும்ப வந்தன. அக்காவின் ஃபேன், சலூன்காரரின் டிரிம்மர், டீக்கடை ரேடியோ.

"அண்ணன் கை பட்ட பொருளுக்கெல்லாம் செல்லம் அதிகமாயிடுச்சு அண்ணி. நாலு நாள் புகுந்த வீட்டுல இருந்தா, பொறந்த வீட்டு நினைப்பு வந்து ஓடி வந்துடுது" என்று சலூன்காரர் சொல்லிச் சிரித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு தடவை தொட்டால் அந்தப் பொருள் மறுபடி கடைப்படி ஏறக் கூடாது என்று மார்தட்டிய மனிதர். பிழைப்புக்குப் பயந்து அரைகுறையாக வேலை பார்த்து அனுப்புகிறாரோ? திரும்பி வந்தால் இன்னொரு கூலி என்று கணக்குப் போடுகிறாரோ? கடையைப் பூட்டினால்கூடப் பரவாயில்லை. பேரைக் கெடுத்துக்கொண்டு இந்தத் தெருவில் எப்படி நடமாடுவது?

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டே விட்டாள். பழைய சாமான் அப்படித்தான், ஒன்றைச் சரிபண்ணினால் இன்னொன்று போகும் என்று அவர் தலை நிமிராமல் மழுப்பினார். மழுப்பும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரிசெய்த ஃபேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். இனிமேல் எங்கள் கடைக்கு வராதீர்கள், பெரிய கடையிலேயே புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் உடைத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

தையல்கடையில் ஆள் இல்லை. தடுப்புக்குப் பின்னால் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தாள்.

அக்கா கீழே உட்கார்ந்து, இஸ்திரிப்பெட்டியின் ஒயரைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இவளைப் பார்த்ததும் கத்தரிக்கோலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அந்தக் கதவைச் சாத்து முதல்ல" என்றாள் அக்கா.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. சலூன்காரர், டீக்கடைக்காரர், அக்கா எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடாம். முறை வைத்து ஆளுக்கொரு பொருளைக் கெடுக்கிறார்களாம்.

"சும்மா உதவி பண்ணினா உன் புருஷன் வாங்குவானா? மூஞ்சியிலேயே விட்டெறிவான். வாட்ச்சுக்காரர் போனப்ப நாங்க யாரும் ஒண்ணும் செய்யலை. பூட்டைப் பார்த்த பிறகுதான் ஐயோன்னோம். இன்னொரு பூட்டைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லைடி." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே. ரோஷக்காரன்."

சந்தேகப்பட்ட வெட்கமும் சிரிப்புமாகத் திரும்பி வந்தாள். அவரிடம் இதைச் சொல்லவே கூடாது.

கடைக்குள் அவர் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய நல்ல பேன்ட். கையில் பிளேடு. இவளைப் பார்த்ததும் இரண்டையும் மேஜைக்கடியில் தள்ளப் பார்த்தார்.

"தையல் விட்டுப்போச்சு. அக்காகிட்ட கொடுக்கணும்."

"உங்க கையில பிளேடைக் கொடுத்துட்டா விட்டுச்சு?"

அசடு வழிந்தார். "ரெடிமேட் வந்த பிறகு அவங்ககிட்ட யாரு தைக்கக் கொடுக்கறா? எனக்காக ஒயரை நறுக்குற மனுஷிக்கு நான் இதுகூடச் செய்யக் கூடாதா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தானா அறுந்த ஒயர் எது, கத்தரி பட்ட ஒயர் எதுன்னு தெரியாமலா கடை நடத்துறேன்? நீ பாட்டுக்குப் போய் உளறி வைக்காதே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேன்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இப்படி நேர்க்கோடா பிரிச்சா அக்கா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க. கோணல்மாணலாப் பிரிக்கணும். தள்ளி உட்காருங்க, அந்த பிளேடைக் கொடுங்க இப்படி."