இரண்டு கிராம்

தடயவியல் ஆய்வகத்துக்கு வந்த குப்பியில் இரண்டு கிராம் ஈரல்தான் மிச்சமிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்ததாக எழுதப்பட்ட ஒரு பெண்ணுடையது. அவளைப் பெற்றவள் வழக்காடி அந்தச் சாவை மறுபடி திறக்க வைத்திருந்தாள். தகப்பன் இருளப்பன் நான்கு நாளாக ஆய்வக வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் செண்பகவல்லி உள்ளே போகும்போது எழுந்து நின்றார்.

“விஷம் இல்லைன்னு வரணும்மா.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“சாகுறதுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்துச்சு. நான்தான் புத்தி சொல்லி, திரும்ப புருசன் வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டேன்.”

ஈரலைக் கரைத்த நீரில் செண்பகவல்லி, விஷத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் காந்தத்தூளைப் போட்டுக் குலுக்கினாள். குழாய் முழுக்கக் கறுத்தது. வெளியே ஒரு காந்தத்தை வைத்ததும் கருமையெல்லாம் மெல்ல நகர்ந்து அந்தப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ள, நீர் தெளிந்தது. விஷம் இருந்தால் அந்தத் தூளோடுதான் வந்திருக்கும். எதுவும் வந்திருக்கக் கூடாது என்று இத்தனை வருட வேலையில் முதல்முறையாக நினைத்தாள். தூளைக் கழுவி எடுத்த துளியைக் கருவியில் செலுத்தினாள். திரையில், பூச்சிமருந்துக்கு உரிய இடத்தில் கோடு எழுந்தது. மறுபடி செலுத்தினாள். அங்கேயே எழுந்தது.

கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“ரிப்போர்ட் கோர்ட்டுக்குத்தான் போகும்யா. நான் எதுவும் சொல்லக் கூடாது.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

“அதுல அவ பேரு இருக்காம்மா?”

“நம்பர்தான்யா இருக்கும்.”

“பேச்சித்தாய்,” என்றார்.

செண்பகவல்லி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.