பன்னிரண்டாவது கட்டம்

டிசம்பர் முப்பத்தொன்று. யார்க்‌ஷயர் பகுதிச் சிற்றூர் ஒன்றின் நூலகத்தில் பிற்பகல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது. மேவிஸ் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்துகிறாள். மறுபடி விளக்கடிக்கு இழுக்கிறாள். மாதம் ஒரு கொலைக் கதை என்று நூலகம் வைத்த ஓராண்டுப் போட்டியில், அவள் அட்டையில் பதினொரு முத்திரைகள் விழுந்துவிட்டன. கடைசிக் கட்டத்துக்கு, முடிவைப் படிக்குமுன் கொலையாளியின் பெயரை எழுதித்தர வேண்டும். நான்கு மணிக்குக் கதவடைப்பு. கையிலிருக்கும் புத்தகத்தின் எழுத்துகளோ எறும்பாக ஊர்கின்றன. அடுத்த ஆண்டு இந்தக் கண்களால் படிக்க முடியாது என்று மருத்துவர் சொன்னது தோழி பெரிலுக்கு மட்டும் தெரியும். பெரில் பின்னல் ஊசிகளை வைத்துவிட்டுக் கை நீட்டுகிறாள். "கொடு, நான் வாசிக்கிறேன்." "நீ ஆகஸ்ட்லயே முடிச்ச கதை. உளறிடுவ." "பஸ் நேர அட்டவணை படிக்கிற மாதிரி ஏத்த இறக்கமில்லாம படிக்கிறேன், போதுமா?" அப்படியே படிக்கிறாள். மேவிஸ் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்கிறாள். தேநீர் ஆறி ஆடை கட்டுகிறது. நூலகர் சாவிக்கொத்தை எடுக்கிறார். கடைசி அத்தியாயம் வந்ததும் மேவிஸ் நிறுத்தச் சொல்லி, 'பாதிரியாரின் தங்கை' என்று எழுதி நீட்டுகிறாள். பெரில் திகைக்கிறாள். "எப்படிடி?" "அவ பேர் வர்றப்பல்லாம் நீ மூச்சை அடக்கின." முத்திரை விழுகிறது. மேவிஸ் அடுத்த ஆண்டுக்கான புது அட்டையை வாங்கிப் பெரிலின் பையில் திணிக்கிறாள். "ஜனவரியிலிருந்து ஒழுங்கா மூச்சு விட்டுப் படி."